இயந்திரத்துக்கு நம் வீட்டுத் தமிழ் தெரியுமா?

குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் சமாதானம், "அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்பது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி இதைச் சொல்வாள். நமக்கும் அதை நம்பிவிட ஆசையாக இருக்கும். பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்து குடியேறிய நம்மவர்களுக்கு இரண்டாவது சமாதானம் ஒன்றும் கைவசம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மாடி வீட்டில் இந்தி, நர்சரியில் இங்கிலீஷ். பிள்ளை எதைத்தான் பிடிப்பான், குழம்பிப் போயிருக்கிறான், பெரியவனானால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொள்கிறோம். இப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. கையில் இருக்கும் போனே பிள்ளையைச் சோதித்துச் சொல்லிவிடும், அதுவே பேச்சும் சொல்லிக் கொடுத்துவிடும் என்கிறார்கள். ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆட்டிசம், கவனக்குறைவு, எழுத்துத் தடுமாற்றம் போன்ற நிலைகளுள்ள குழந்தைகளுக்கு உதவலாம் என்று உலகம் முழுதும் பேச்சாக இருக்கிறது. இதில் விளம்பரமும் உண்டு, நிஜமான ஆராய்ச்சியும் உண்டு. பீன்யாவில் லேத் ஓட்டுகிறவரும், சிவாஜிநகரில் கணக்கு எழுதுகிறவரும், தங்கவயலிலிருந்து அதிகாலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் வந்து சேருகிறவரும் எதை நம்புவது, எதற்குக் காசு கொடுப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த இயந்திரங்களால் நம் பிள்ளைகளுக்கு உபயோகம் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பேச்சு தெரியாத இயந்திரத்தை நம் பிள்ளைக்கு நீதிபதியாக உட்கார வைக்கக் கூடாது. அதைவிட முக்கியமான விஷயம், இயந்திரத்துக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தக் கூடாது.

எட்டில் ஒரு குழந்தை

இதெல்லாம் எங்கோ பணக்கார வீட்டுச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. அரியானாவில் பல்வல், இமாசலத்தில் காங்க்ரா, ஒடிசாவில் தென்கனால், அப்புறம் கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள சுமார் 4,000 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மூளை வாதம், வலிப்பு, காது கேளாமை, பேச்சுக் கோளாறு, கவனக்குறைவு, படிப்புக் குறைபாடு முதலிய ஒன்பது நிலைகளை அந்த டாக்டர்கள் கணக்கில் எடுத்தார்கள். ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு குழந்தையிடம் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. லைன் வீட்டு வாசலில் எட்டுப் பிள்ளைகள் விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பிள்ளை.

இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசமும் படிப்புக் குறைபாடும் அதில் அடங்கும். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. சட்டத்தில் இல்லாதது ஆள்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்களும், குழந்தை மனநல டாக்டர்களும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம்: பெங்களூர் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து ஜனங்கள் இங்கே வருகிறார்கள். வருவதால்தான் கூட்டமும். ஒரு நாள் லீவு போட்டுக் காட்டிவிட்டு வந்துவிடலாம்; வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு யார் லீவு கொடுப்பார்? தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கே கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது.

ஆள் இல்லாத இந்த இடத்தில்தான் இயந்திரம் வந்து நிற்கிறது. அது வந்ததே தவறு என்று சொல்கிறவர்கள் பயிற்சிக்கு லீவு கேட்டுச் சூப்பர்வைசர் முன்னால் நின்றதில்லை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

கண்டுபிடிக்கும் இயந்திரம்

இயந்திரம் செய்ய வந்திருக்கும் முதல் வேலை, குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடிப்பது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021 ஜூனில் இப்படிப்பட்ட ஒரு கருவிக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. பெற்றோர் போனில் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பிள்ளை விளையாடுவதைச் சின்ன வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். டாக்டரும் தனியாக ஒரு கேள்வித்தாளைப் பூர்த்தி செய்ய வேண்டும். வீடியோவைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவர்கள் பயிற்சி பெற்ற மனிதர்கள்தான். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவது மட்டும் கம்ப்யூட்டர்.

அதை 425 குழந்தைகளிடம் சோதித்தபோது அவர்களில் 32 சதவீதம் பேருக்குத்தான் அந்தக் கருவி முடிவு சொன்னது. மீதி மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விஷயத்தில், "இந்தத் தகவலை வைத்துச் சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டது. சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். நமக்கு அந்தக் கருவியிடம் பிடித்ததே இந்தக் குணம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வைத்தியரிடம் நாம் தைரியமாகப் போகலாம் அல்லவா? அப்படி முடிவு சொன்னாலும், அதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று எழுதக் கூடாது, டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

2023-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு டேப்லட் சோதனையை வெளியிட்டார்கள். குழந்தை சின்னச் சின்னப் படங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் கண் எங்கே போகிறது, முகம் எப்படி மாறுகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதை டேப்லட்டின் கேமரா கவனிக்கும். 475 குழந்தைகளிடம் பார்த்ததில், ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 88 பேரை அது சரியாகக் கண்டுபிடித்தது. ஆட்டிசம் இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேரை இருப்பதாகத் தவறாகச் சொன்னது. முதல் சல்லடைக்கு இது மோசமில்லை. கடைசித் தீர்ப்புக்கு இது போதாது.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. டில்லியில் ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கே டேப்லட்டை எடுத்துச் சென்று, டாக்டர் படிப்புப் படிக்காத சுகாதார ஊழியர்களைக் கொண்டு 2 முதல் 7 வயதுக் குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. வீட்டுக் கதவைத் தட்டி வரும் சோதனை என்பதே பெரிய விஷயம். ஆனால் அது டில்லி. தமிழ் வீட்டுக்கு வரும்போது சங்கடம் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?" ரொம்பச் சாதாரணக் கேள்வி. ஆதார் கார்டில் பிள்ளையின் பெயர் கார்த்திகேயன். வீட்டில் அவன் குட்டி. தாத்தாவுக்கு அவன் சாமி. அம்மாவுக்குக் கோபம் வராதவரை கண்ணு. பிறந்ததிலிருந்து "கார்த்திகேயன்" என்று அவனை ஒருத்தரும் கூப்பிட்டதே இல்லை. சோதிக்க வந்தவர் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் ஏன் திரும்புவான்? கேமரா, "திரும்பவில்லை" என்று குறித்துக்கொள்ளும். இது இயந்திரத்தின் தப்பல்ல. பக்கத்தில் இருப்பவர் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. "வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், அம்மா?" என்று தமிழில் கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும்.

படிப்பிலும் இதே கதைதான். ஸ்ரீராமபுரத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் எழுதுகிறான், மூன்றாவதாக இந்தியையும் பார்க்கிறான். வாசிக்கத் திணறுகிறான். அது டிஸ்லெக்சியா எனும் எழுத்துத் தடுமாற்றமா, அல்லது தெரியாத பாஷையைப் படிக்கும் சாதாரணத் திணறலா? இங்கிலீஷ் பரீட்சை ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது என்று உணர்ந்துதான், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார் இந்திய மொழிகளுக்கென்றே ஒரு சோதனை முறையைத் தயாரித்து 2015-ல் வெளியிட்டார்கள். முதலில் அது இந்தி, மராத்தி, கன்னடம், இங்கிலீஷ் ஆகியவற்றில் வந்தது. இயந்திரம் வருவதற்கு முன்பே நம் விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்த இந்தச் சங்கதியை, இயந்திரம் விற்க வருகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

நான்கு வார்த்தைத் தாய்

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று லக்கரேயில் இருக்கிறது. ஊர் ஆரணிப் பக்கம். அவர் ஒரு பட்டறையில் மெஷினிஸ்ட். அந்த அம்மா எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். பிள்ளைக்கு நாலரை வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. பயிற்சிக்குப் போன இடத்தில், "மூன்று பாஷை வேண்டாம், குழந்தை குழம்பும். இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். சீட்டை ஏலத்தில் எடுத்து ஒரு டேப்லட்டும் வாங்கினார்கள். அதில் அமெரிக்கக் குரலில் ஒரு பெண் "ஆப்பிள்" என்பாள். பிள்ளை திருப்பிச் சொன்னால் நட்சத்திரம் மின்னும்.

அந்த அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கம், சிட், ஈட், நோ. குளிப்பாட்டும்போதும், மாவாட்டும்போதும், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதும் ஓயாமல் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தவர், நான்கு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். தப்பாக ஏதாவது தமிழில் சொல்லிப் பிள்ளையைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம். தாலாட்டு நின்றது. ஊரிலிருந்து வந்த பாட்டியையும், "அவன்கிட்ட பேசாதீங்க அத்தை" என்று தடுத்தார். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. பிள்ளை படத்தைக் காட்டினால் ஆப்பிள் என்றான். பசித்தால் சுவரில் தலையை முட்டினான்.

பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கேட்டாராம்: "நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் எந்தப் பாஷையில் சண்டை போடுவீர்கள்?" தமிழில்தான் என்றார்கள். "அப்படியானால் பிள்ளையிடமும் அதிலேயே பேசுங்கள்" என்று அனுப்பினார். அந்தப் பையன் இப்போது மளமளவென்று பேசுகிறான் என்று நாம் கதை கட்ட வரவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து "வா" என்கிறான். வேண்டாததைக் கொடுத்தால் "பேடா" என்கிறான், தெருவில் கேட்ட கன்னடத்தில். தலையை முட்டுவது குறைந்திருக்கிறது.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெட்டுப்போகிறது என்பதற்கு ஆராய்ச்சிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வில், இரு மொழி தெரிந்த ஆட்டிசக் குழந்தைகள் ஒரு விளையாட்டின் விதி மாறும்போது தாங்களும் மாறிக்கொள்வதில் ஒரு மொழிக் குழந்தைகளைவிடச் சற்று மேலாகவே இருந்தார்கள். ஆனாலும், "ஒரே பாஷை பேசுங்கள்" என்ற யோசனை இன்னும் பல இடங்களில் வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதிலும் அந்த ஒரே பாஷை ஒருநாளும் தமிழாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவரிடம் இருக்கும் அட்டைகளும் கருவிகளும் இங்கிலீஷில் இருக்கின்றன. ஆகவே வீட்டை மாற்றச் சொல்கிறார். கருவியையல்லவா மாற்ற வேண்டும்?

குரல் கொடுக்கும் இயந்திரம்

மாற்ற முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் என்பவர், வித்யாசாகர் என்ற சிறப்புப் பள்ளியோடு சேர்ந்து, பேச முடியாத பிள்ளைகளுக்காக "ஆவாஸ்" என்ற கருவியை உருவாக்கினார். பிள்ளை படத்தைத் தொட்டால் கருவி அந்த வார்த்தையைப் பேசும். மூளை வாதத்தால் பேச்சு வராத பிள்ளைகளுக்கென்று தொடங்கியது. பின்னால் டேப்லட்டில் ஓடும்படி மாறி, ஆட்டிசக் குழந்தைகளிடமும் வந்தது. 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பத்திரிகை தன் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. படத்தைத் தொட்டால் பேசும் இந்த வேலைக்கு ஏ.ஐ. என்று பெரிய பெயர் தேவையில்லைதான். அடுத்த வார்த்தையை ஊகித்துக் காட்டுவது, குரலை மனிதக் குரல்போல் ஆக்குவது, பிள்ளையின் குழறலைப் புரிந்துகொள்வது இவற்றில்தான் ஏ.ஐ. உள்ளே வருகிறது.

கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கஷ்டம். குழந்தையின் குரல் கீச்சென்றிருக்கும். வார்த்தையைப் பாதியில் விழுங்கும். பெரியவர்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய கம்ப்யூட்டருக்கு அது பிடிபடாது. பேச்சுக் குறை உள்ள குழந்தை என்றால் இன்னும் கஷ்டம். குழறிப் பேசுகிறவர்களின் குரல்களைச் சேகரித்து இயந்திரத்துக்குப் பழக்கும் முயற்சியை கூகுள் கம்பெனி 2019-ல் அறிவித்தது. அதுவும் இங்கிலீஷில்தான் தொடங்கியது. இந்திய மொழிகளுக்காகச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள ஏ.ஐ. ஃபார் பாரத் குழுவினர் தமிழ் உட்பட 22 மொழிகளில் பேச்சுப் பதிவுகளைத் திரட்டி வருகிறார்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய பாஷினி திட்டமும் இருக்கிறது. நல்ல வேலை. இதிலே நம் பிள்ளைகளின் பேச்சும் சேர வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

எந்தத் தமிழ் என்பதும் ஒரு கேள்வி. ஏ.ஐ.யிடம் தமிழில் ஒரு வாக்கியம் கேட்டால், "நான் தண்ணீர் அருந்த விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளை இப்படிப் பேசும்? "தண்ணி வேணும்" என்பதுதான் அவன் காதில் விழுந்த தமிழ். பேச்சே வராத பிள்ளைக்கு ரேடியோ செய்தித் தமிழைக் கற்றுக் கொடுத்தால், தெருவில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவன் வாய் திறப்பதே நின்றுவிடும். அதிலும் பெங்களூர்ப் பிள்ளையின் தமிழில் "சாக்கு" என்றால் போதும், கோணிப்பை அல்ல. தர்மபுரித் தமிழும் திருநெல்வேலித் தமிழும் கன்னடம் கலந்து ஒரே முற்றத்தில் ஓடுகிறது. இதைக் கொச்சை என்று தமிழ் வாத்தியார்கள் கோபித்துக்கொள்ளலாம். பேச்சுப் பயிற்சிக்கு இதுதான் பாடப் புத்தகம்.

இன்றைக்கே செய்யக்கூடியது

பெரிய கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போனில் இலவசமாகக் கிடைக்கும் ஏ.ஐ.யைக் கொண்டே சில காரியங்கள் செய்யலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முடிவெட்டும் கடைக்குப் போவது யுத்தம் மாதிரி. மெஷின் சத்தம், கழுத்தில் துணி, முகம் தெரியாத ஆள். போவதற்கு முன்பே, என்னென்ன நடக்கும் என்று சின்னக் கதையாகச் சொல்லிப் பழக்கினால் பயம் குறையும். கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991-ல் இந்த முறையை உருவாக்கினார். எட்டு வரியில், பேச்சுத் தமிழில், "முதலில் அப்பாவோடு பஸ்ஸில் போவோம்" என்று தொடங்கி ஒரு கதை எழுதிக் கொடு என்று ஏ.ஐ.யிடம் கேட்டால் எழுதிக் கொடுக்கும். அதைத் திருத்திச் சொல்வது அம்மாவின் வேலை. காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி போவது வரை படம் போட்ட அட்டவணை தயாரிக்கவும் அது உதவும்.

கன்னடமோ இங்கிலீஷோ எழுதத் தெரியாத தகப்பனுக்கு ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதுவது பெரிய பாரம். பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு, முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி, தமிழில் சொன்னால் இயந்திரம் கன்னடத்தில் எழுதித் தரும். கன்னடம் தெரிந்த ஒரு நண்பரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கொடுங்கள். டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த பத்துப் பக்க ரிப்போர்ட்டைத் தமிழில் விளங்க வைக்கவும் அது உதவும். ஆனால் அது தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்லும் சுபாவம் உள்ளது. மாத்திரை, அளவு, இது இருக்கிறது இது இல்லை என்ற விஷயங்களை அதன் பேச்சைக் கேட்டு முடிவு செய்வது ஆபத்து. இந்தக் காரியங்கள் எதற்கும் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொல்லியிருக்கிறது.

பிள்ளையின் வீடியோவைக் கேட்கிற கம்பெனி எதுவானாலும், அது எங்கே போகிறது, எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கையாளக் கூடாது என்று 2023-ம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சம்மதம் என்ற பெயரில் படிக்காமலே நாம் தட்டுகிற பொத்தான்தான் அதில் ஓட்டை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் "மாக்ஸி" என்று ஒரு பொம்மை ரோபோ விற்றார்கள். விலை சுமார் 800 டாலர். குழந்தைகளோடு பேசும், முகம் பார்த்துச் சிரிக்கும். பிறரோடு பழகத் திணறும் பிள்ளைகளுக்குத் தோழன் என்றார்கள். ஆட்டிசக் குழந்தைகள் பலரும் அதனோடு ஒட்டிக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் கம்பெனிக்குப் பணம் திரட்ட முடியவில்லை. மூடப்போகிறோம், ரோபோ பேச்சை நிறுத்திவிடும் என்று கடிதம் அனுப்பினார்கள். ரோபோவின் மூளை வீட்டில் இல்லை, கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தது! நண்பன் ஏன் பேச மாட்டேன் என்கிறான் என்று கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் என்ன சொல்வார்கள்? பிறகு, அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் வழியைத் திறந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதைச் செய்யத் தெரிந்த வீட்டுக்குத்தான் அது உதவும். மாதச் சந்தா கட்டும் எந்தக் கருவியை வாங்கும்போதும், கம்பெனி மூடினால் பிள்ளையின் கதி என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்

வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்காகப் பேச ஒரு சர்க்கார் இல்லை. தமிழ்நாட்டு அரசுக்கு அவன் அடுத்த மாநிலத்தான். கர்நாடக அரசின் கணக்கில் அவன் பாஷை சேராது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் உள்ள நம்மவர் நிலையும் இதுவே. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு சலுகை செய்திருக்கிறார்கள்: குறைபாடுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014-ல் உத்தரவு வந்தது. ஊர் மாறினால் பிள்ளையின் பயிற்சி தடைப்படும் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டது என்றுதானே இதற்கு அர்த்தம்? பட்டறைத் தொழிலாளிக்கு அந்த உத்தரவும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பொதுப் பணத்தில் தயாராகும் பேச்சுக் கருவிகள், சென்னையிலும் மதுரையிலும் உள்ள பிள்ளைகளிடம் மட்டுமன்றி, பெங்களூரிலும் தங்கவயலிலும் தாராவியிலும் தமிழ் பேசும் பிள்ளைகளிடமும் சோதிக்கப்பட வேண்டும். நிம்ஹான்ஸும் மைசூர் நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கும்போது இது நடக்காத காரியம் அல்ல. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அறையைத் திறந்துவிடலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து உட்காரட்டும். ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்கட்டும். எந்தப் பயிற்சி நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளட்டும். பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்தின்படி சுகாதாரக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சோதிக்கின்றன. அவர்கள் கையில் ஏ.ஐ. ஓடும் டேப்லட் வரும் நாள் தூரத்தில் இல்லை. அது வருமுன்பே ஒரு விதி எழுதப்பட வேண்டும். அந்தப் படிவத்தின் முதல் கட்டம் "வீட்டில் பேசும் மொழி" என்று இருக்க வேண்டும். அதில் தமிழ் என்று எழுதி, அந்தக் கருவி தமிழ்க் குழந்தைகளிடம் சோதிக்கப்படாததாக இருந்தால், அது மதிப்பெண் எதுவும் போடாமல் "முடிவு சொல்ல இயலாது" என்று சீட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டோடு பிள்ளையைத் தமிழ் தெரிந்த ஒரு டாக்டரிடமோ பயிற்சியாளரிடமோ அனுப்பி வைக்கும் பொறுப்பு அந்தக் குழுவினுடையதாக இருக்க வேண்டும். அதற்கான பஸ் செலவு உட்பட.